பனிமலையில் மருமகளின் பூட்ஸ்

எனக்கு அறுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் நாத்தனார் கண்மூடியபோது என் கைக்கு வந்தவர்கள். யார் யார் வயிற்றுப் பிள்ளை என்று எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்காக ஒரு கடிதம் எழுத யார் வீட்டு வாசலிலும் போய் நின்றது கிடையாது. எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதுவேன். எழுதியதை அடிக்க மாட்டேன். எங்கள் திருச்சி மாதர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "நீங்கதான் ஜெர்மனி போய்ட்டு வந்தவங்க, பனிமலையைப் பத்தி எழுதுங்க" என்றார்கள். போய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. நினைவில் உள்ளதை நாள் வரிசையாக எழுதுகிறேன்.

என் நடு மகன் சுந்தரம் அப்போது டார்ம்ஸ்டாட் என்ற ஊரில், பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்தில் வேலையில் இருந்தான். மருமகள் மங்கை. அவர்கள் பெண் வள்ளிக்கு அப்போது மூன்று வயது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போயிருந்தேன். அந்த நாட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் ஒரு வாரம் பனிமலைக்குப் போவது, நம்மவர்கள் சீசனுக்குக் குற்றாலம் போவது மாதிரி. போகாதவர்களை ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். சுந்தரத்தோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு, 1972 பிப்ரவரியில் நாங்களும் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு முன்பே டார்ம்ஸ்டாட் ஸ்டேஷனில் ரயில். அந்த நேரத்தில் அங்கே நல்ல இருட்டு. போக வேண்டிய ஊர் ஓபர்ஸ்டார்ஃப். ஜெர்மனியின் தெற்கு மூலை. அதற்கு மேல் ரயில் கிடையாது, மலைதான். ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். ஹைடல்பெர்க்கில் ஒரு வண்டி மாறினோம், ஊல்மில் இன்னொன்று. சாமான் என்று பெரிதாக இல்லை. என் பையில் நாலு கிலோ பச்சரிசி, பருப்புப்பொடி, நார்த்தங்காய், ஒரு சின்ன முருகன் படம். குழந்தைக்கு வேண்டும் என்று பழைய வேட்டித் துணி ஒரு கட்டு.

ஊல்ம் தாண்டியதும் எதிர் சீட்டில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். என் வயது இருக்கும். என் புடவையைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்த வயலைப் பார்த்தாள், மறுபடி புடவையைப் பார்த்தாள். பிறகு சுந்தரத்திடம் ஏதோ கேட்டாள்.

"குளிரலையான்னு கேக்கறாங்கம்மா."

புடவைக்குள்ளே சுந்தரத்தின் கம்பளிக் கால்சட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டிருந்தேன். அதை அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? "குளிரலைன்னு சொல்லு" என்றேன். அந்த அம்மாள் இறங்கும்வரை என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இம்மென்ஸ்டாட் என்ற ஊரில் வண்டி நின்று, பின்பக்கம் முன்பக்கமாகி, திரும்பி ஓட ஆரம்பித்தது. ஊருக்கே திரும்பிப் போகிறோமோ என்று மங்கை எழுந்து நின்றுவிட்டாள். அங்கே தண்டவாளம் அப்படித்தானாம். பிற்பகல் இரண்டரைக்கு ஓபர்ஸ்டார்ஃப். ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் நின்றன. சக்கரம் இல்லாத வண்டி. அடியில் இரண்டு வளைந்த இரும்புப் பட்டை. பனியில் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் தங்கும் வீடு ஊர்க்கோடியில் இரண்டு கிலோமீட்டர். எட்டு மார்க் கேட்டான் வண்டிக்காரன். அப்போது ஒரு மார்க் நம் பணத்தில் இரண்டேகால் ரூபாய் சொச்சம்.

"ஆறு தரேன்னு சொல்லு" என்றேன்.

"இங்க அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"கேட்டாத்தானே தெரியும்?"

சுந்தரம் முகம் சிவந்து கேட்டான். வண்டிக்காரன் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிவிட்டு ஒன்று சொன்னான். "எட்டு எனக்கில்ல, குதிரைக்கு. அதுகிட்ட கேட்டுப் பாருங்க" என்று சொன்னானாம். எட்டு மார்க் கொடுத்தோம்.

வீட்டுக்கார அம்மாள் பெயர் ஸென்ஸி. கணவர் இல்லை. மேல் மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுச் சீவனம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு மார்க், காலைச் சாப்பாடு சேர்த்து. குழந்தைக்குப் பாதி. எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு அறை. இரண்டுக்கும் பொதுவாகத் தெருப்பக்கம் மரப் பால்கனி. நான் இறைச்சி தொடுவதில்லை என்று சுந்தரம் கடிதத்திலேயே எழுதியிருந்தான். ஸென்ஸி அம்மாள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், அடுப்பின் ஒரு மூலையையும் ஒரு வாணலியையும் ஒரு பாத்திரத்தையும் தொட்டுக் காட்டி, பிறகு என்னைத் தொட்டுக் காட்டினாள். பாஷை வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை. பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. ஆறு நாள் பாடத்துக்கு நாற்பத்தைந்து மார்க். பலகை, கைக்கோல், பூட்ஸ் வாடகை தனி, ஆறு நாளுக்கு முப்பது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பலகை என்பது ஆள் உயரத்துக்கு மேல் நீளம், நான்கு விரல் அகலம், முனை மேலே வளைந்திருக்கும். காலுக்கு ஒன்று. அதில் பூட்ஸை ஒரு கம்பிப் பூட்டால் மாட்டிவிடுவார்கள். அந்தப் பூட்ஸ்தான் முக்கியம். கணுக்காலுக்கு மேல் வரும் கெட்டித் தோல். ஒரு ஜோடி நம் ஊர் அம்மிக்குழவி கனம். பணக்காரர்கள் புதிதாக வந்த பிளாஸ்டிக் பூட்ஸ் போட்டிருந்தார்கள். வாடகைக்குக் கொடுத்ததெல்லாம் தோல்தான். மங்கைக்குக் கால் சின்னது. கடையில் அவள் அளவுக்கு ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது.

புடவையோடு சறுக்க முடியாது என்று மங்கை கால்சட்டை வாங்கியிருந்தாள். காலோடு ஒட்டிய கறுப்புக் கால்சட்டை. அதோடு அறையை விட்டு வெளியே வந்தாள். நான் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு அத்தை?"

"ஊர்ல போய் இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முதல் நாள் பாடம் விழுவதும் எழுவதும்தான். மாஸ்டர் பெயர் டோனி. ஐம்பது வயது இருக்கும். முகம் வெயிலில் காய்ந்து செம்பு நிறம், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளை. பதினொரு பேரை வரிசையாக நிறுத்தி, பக்கவாட்டில் படி ஏறுவதுபோல மேட்டில் ஏறச் சொன்னார். மற்றவர்கள் ஏறினார்கள். சுந்தரம் ஏறினான், விழுந்தான், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சுளுக்கு.

"எனக்கு இது சரிப்படாதும்மா. லேப்ல கை வேணும்" என்றான். அத்தோடு அவன் பாடம் முடிந்தது. மீதி ஐந்து நாளில் பெரும்பாலும் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

மங்கை அன்று எத்தனை தடவை விழுந்தாள் என்று வள்ளிதான் எண்ணினாள். அவளுக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும். மூன்று தடவை பத்து எண்ணினாள்.

செவ்வாய்க்கிழமை. மற்றவர்கள் வேகத்துக்கு மங்கை வரவில்லை என்று டோனி மாஸ்டர் அவளைக் குழந்தைகள் வகுப்புக்கு மாற்றிவிட்டார். அன்று அந்த நாட்டில் வேஷம் கட்டிக்கொள்ளும் பண்டிகை. பிள்ளைகள் எல்லாம் வேஷத்தோடு சறுக்க வந்திருந்தார்கள். ஒன்று பூனை, ஒன்று தீயணைப்புக்காரன், இரண்டு சூனியக்காரிகள். நடுவில் இருபத்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. பூனை அவளைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் வள்ளியைச் சின்னச் சறுக்கு வண்டியில் வைத்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தது குழந்தைகளைப் பார்த்தா, என் மருமகளைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. வள்ளியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

புதன்கிழமை சுந்தரமும் நானும் குழந்தையும் கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி மலைக்குப் போனோம். போக வர ஆளுக்குப் பதினோரு மார்க். ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் உயரம். பெட்டிக்குள் நாற்பது பேர். எல்லோர் கையிலும் பலகை. மேலே இறங்கினால் மரம் கிடையாது, மண் கிடையாது, சத்தம் கிடையாது. வெள்ளையும் நீலமும் மட்டும். வெயில் அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. ஆட்கள் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு விளிம்பில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். பிறகு இருக்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தால் கீழே எறும்பு மாதிரி வளைந்து வளைந்து போவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அங்கே ஒரு டம்ளர் டீ ஒரு மார்க் இருபது ஃபெனிக், அவர்கள் ஊர்ப் பைசா.

வியாழக்கிழமை மங்கையை மறுபடி பெரியவர்கள் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மாலையில் முகமெல்லாம் சிவந்து, மூக்கு உரிந்து வந்தாள். படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"சனிக்கிழமை பந்தயம் அத்தை. வகுப்பு முடியறப்ப வைப்பாங்களாம். பன்னெண்டு கொடி நட்டிருப்பாங்க. வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும். எனக்குப் பதினேழாம் நம்பர்."

"முதல்ல வந்தா என்ன குடுப்பாங்க?"

"முதல்லயா? நானா? நல்லா இருக்கே!" என்று சிரித்தாள். "ஒரே ஒரு தரம், எல்லாரும் பாக்கறப்ப விழாம இறங்கிட்டாப் போதும். ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் ஓட்டத்துல நான்தான் ஃபர்ஸ்ட் அத்தை. பெரியவளானதும் நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதுலயும் கலந்துக்கிட்டதே இல்ல."

"உடம்பைப் பாத்துக்கோ" என்றேன்.

வெள்ளிக்கிழமை. இதை நிதானமாக எழுத வேண்டும்.

அந்த வீட்டில் பூட்ஸ் எல்லாம் கீழே ஒரு தனி அறையில் இருக்கும். அங்கே இரும்பு அடுப்பு எரியும். ஈரத் தோல் காலைக்குள் காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை புது விருந்தாளிகள் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். கீழ் அறையில் இடமில்லை. மங்கை தன் பூட்ஸை மேலே கொண்டுவந்து, என் அறையில் ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கப் போனாள். அந்த ஜன்னல் விளிம்பில்தான் நான் முருகன் படத்தை வைத்திருந்தேன். நான் விளக்கேற்றக் குளித்துவிட்டு வருகிறேன். படத்துக்கு ஒரு சாண் கீழே, ஊரெல்லாம் மிதித்த பூட்ஸ் இரண்டு, நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். செருப்பு இருக்க வேண்டிய இடம் வாசலுக்கு வெளியே. இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. பால்கனிக் கதவைத் திறந்து இரண்டையும் வெளியே வைத்தேன். கதவைச் சாத்தினேன். விளக்கேற்றினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. முந்தைய இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி என்று சுந்தரம் சொன்னான். மங்கை ஹீட்டர் பக்கத்தில் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள், கீழே ஓடிப்போய்த் தேடினாள். நான் குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பால்கனியில பாரு" என்றேன்.

கதவைத் திறந்தாள். பால்கனித் தரையில் வெள்ளையாக இரண்டு மேடு. கையால் பனியைத் தள்ளி எடுத்தாள். முதல் நாள் ஈரம் அப்படியே உறைந்து, பூட்ஸ் இரண்டும் கல்லாகிவிட்டன. தட்டினால் மரம் மாதிரிச் சத்தம். கயிறு கம்பி மாதிரி நிற்கிறது. அதற்குள் கால் அல்ல, விரல்கூடப் போகாது.

"யார் வச்சது?"

"நான்தான்."

"ஏன் அத்தை?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி படத்துக்குக் கீழ செருப்பு வைப்பாங்களா?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "இந்தக் கால்சட்டை உங்களுக்குப் புடிக்கல, நான் விழுந்து எழறது புடிக்கல, எல்லாம் எனக்குத் தெரியும். நேரா போகாதேன்னு சொல்லியிருக்கலாம் அத்தை. நான் கேட்டிருப்பேன்" என்றாள்.

இதற்கு ஒரு பதில் இருந்தது. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் செருப்பை வாசலில் விட்டால் நாய் தூக்கிப் போகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. ஐந்து பேரை வளர்த்தவள் நான். ஒருவரிடமும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கமில்லை. குழந்தையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சுந்தரம் கீழே போய் ஸென்ஸி அம்மாளை வாடகைக் கடைக்குப் போன் பண்ணச் சொன்னான். சனிக்கிழமை, புது ஆட்கள் வந்து குவிந்திருக்கிறார்கள். அந்தச் சின்ன அளவில் வேறு ஜோடி இல்லை. கெட்டிலில் கொதிக்கிற தண்ணீரை எடுத்து உள்ளே ஊற்றப் போனான். ஸென்ஸி அம்மாள் கத்திக்கொண்டு ஓடிவந்து கெட்டிலைப் பிடுங்கினாள். வெந்நீர் ஊற்றினால் தோல் வீணாகிவிடுமாம், அடுப்பருகே வைத்தால் வெடித்துவிடுமாம். தானாக இளகட்டும், மதியம் ஆகிவிடும் என்றாள். பந்தயம் பத்து மணிக்கு.

மங்கை அறைக்குப் போனாள். பதினேழு என்று எழுதிய துணிப் பட்டையை நான்காக மடித்துக் கட்டில் மேல் வைத்தாள். "பரவாயில்லை, விடுங்க. வள்ளியைக் குதிரை வண்டியில கூட்டிட்டுப் போகலாம்" என்று சுந்தரத்திடம் சொன்னாள். அந்தப் பரவாயில்லையை நானும் மருமகளாக இருந்த காலத்தில் சொல்லியிருக்கிறேன். அது எங்கே போய்த் தங்கும் என்று எனக்குத் தெரியும்.

பூட்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அப்போது மணி எட்டு.

நம் வீடுகளில் பிடிப்புக்கும் வீக்கத்துக்கும் என்ன செய்வோம்? ஒத்தடம் கொடுப்போம். மனுஷக் காலுக்குச் செய்வதை மாட்டுத் தோலுக்குச் செய்தால் கேட்காதா என்ன? உப்பு வறுத்தால் சூடு நன்றாக நிற்கும். ஆனால் தோலை அரித்துவிடும். பச்சரிசியை வாணலியில் கொட்டி, எண்ணெய் விடாமல் வறுத்தேன். கை பொறுக்கும் சூடாக இறக்கி, வேட்டித் துணியில் நான்கு சின்ன மூட்டை கட்டினேன். இரண்டு மூட்டையைப் பூட்ஸ் வாய்க்குள் திணித்து, இரண்டால் மேலே ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஆறினால் மறுபடி வாணலிக்கு. முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டேன். வேறு எங்கே வைப்பது? தரையில் வைத்தால் சில்லிட்டுப் போகும்.

சுந்தரம் வாசற்படியில் வந்து நின்றான். "அம்மா, நீங்க போயி… அதை மடியில… குடுங்க, நான் செய்யறேன்."

"உனக்குக் கை சுளுக்கு. போ."

ஸென்ஸி அம்மாள் காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆ!" என்றாள். அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கே ஓடு பதித்த பெரிய அடுப்பு இருக்கிறது. அதன் மேலிருந்து இரண்டு பைகளை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். சூடாக இருந்தன. உள்ளே கலகலவென்றது. செர்ரிப் பழத்தின் கொட்டை. அவர்கள் அதைக் கழுவிக் காயவைத்துத் துணியில் தைத்து வைத்திருப்பார்கள். இடுப்பு வலிக்கும் குழந்தை வயிற்று வலிக்கும் அதுதான் ஒத்தடம். அவள் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அப்புறம் அவள் ஒரு பூட்ஸ், நான் ஒரு பூட்ஸ்.

ஒன்பதரைக்கு நாக்கு வளைந்தது. கயிறு இளகியது. குதிகால் பக்கம் மட்டும் இன்னும் கல்.

மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டேன். "மங்கை! அந்த நம்பரைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு. நீயும் அவனும் பலகையை எடுத்துக்கிட்டு முன்னால போய் மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. பூட்ஸோட நான் வரேன்."

மங்கை படி மேல் வந்து நின்றாள். பிறகு, "முடியுமா அத்தை?" என்றாள்.

"நீ நட."

சறுக்கு மேடு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். பத்து மணிக்கு மூட்டைகளைக் கடைசியாக ஒரு தடவை சூடாக்கி, பூட்ஸுக்குள் திணித்து, இரண்டையும் என் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டேன். ஸென்ஸி அம்மாள் வள்ளியைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கூட வந்தாள். தேவாலயத்துத் திருப்பத்தில் தெரு கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அங்கே விழுந்தேன். இரண்டு கையும் பூட்ஸைப் பிடித்திருந்ததால் ஊன்ற முடியவில்லை, இடுப்பில்தான் விழுந்தேன். "பாட்டி ஒண்ணு!" என்று வள்ளி எண்ண ஆரம்பித்தாள். எழுந்து நடந்தேன்.

போய்ச் சேரும்போது பத்தே முக்கால். பந்தயம் முடிந்துவிட்டது. எல்லோரும் கீழே கூடி நின்று சூடாக ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே டோனி மாஸ்டரின் ஆள் ஒருவர் முதல் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மங்கை ஒரு பெஞ்சில், நடந்துவந்த ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு, பதினேழைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுந்தரம் ஓடிப்போய் மாஸ்டரிடம் பேசினான். அவர் என்னைப் பார்த்தார். நான் கோட்டைத் திறந்து பூட்ஸை எடுப்பதைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து அரிசி மூட்டையை எடுப்பதையும் பார்த்தார். மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். கொடி பிடுங்கின ஆள் திரும்ப நட்டார்.

"அஞ்சு நிமிஷம் தரேங்கிறார்" என்றான் சுந்தரம்.

மங்கை காலை நுழைத்தாள். நுழைந்தது. ஆனால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் அவள் விரல்கள் விறைத்துப்போய்க் கயிற்றைப் பிடிக்கவில்லை. சுந்தரத்துக்கு ஒரு கைதான். நான் பனியில் உட்கார்ந்து அவள் காலை என் முழங்கால் மேல் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஐயோ, வேணாம் அத்தை! காலைத் தொடாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நேரமாகுது, காலை நீட்டு."

"அத்தை…"

"இறுக்கமா போதுமா, இன்னும் இழுக்கணுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் ஒரு சாதனம் உண்டு. அதில் போனாள். மேலே சின்னதாகத் தெரிந்தாள். மாஸ்டர் கையை இறக்கினார். வந்தாள். நேராகச் சொல்வதென்றால் மெதுவாகத்தான் வந்தாள். முழங்காலை ஒட்டிவைத்து, பலகையின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு கொடிக்கும் யோசித்து யோசித்துத் திரும்பினாள். ஐந்தாவது கொடியில் ஒரு கை காற்றில் போயிற்று. ஸென்ஸி அம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். ஒன்பதாவதில் நின்றே விட்டாள், பிறகு நகர்ந்தாள். பன்னிரண்டாவது கொடியையும் தாண்டி, எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டாள். விழவில்லை. ஆனால் எப்படி நிற்பது என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நேராகப் போய், டீக்கடை முன்னால் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் முட்டித்தான் நின்றாள். செவ்வாய்க்கிழமை பூனை வேஷம் போட்டிருந்த பெண் ஓடிப்போய் அவள் கையைத் தூக்கிப் பிடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று இறங்கியவர்களிலேயே அவள்தான் கடைசி. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை கொடுத்தார்கள். இறங்கி முடித்த எல்லோருக்கும் அது உண்டு.

அந்த அரிசியை வீணாக்க மனமில்லை. மறுநாள் ரயிலுக்குச் சாதம் வடித்துப் பருப்புப்பொடி கலந்து எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அதே வழி, அதே இரண்டு மாற்றம். ஊல்ம் வரும்வரை பனி. பிறகு கறுப்பு மண் தெரிய ஆரம்பித்தது. சுந்தரமும் குழந்தையும் தூங்கினார்கள். மங்கை என் பக்கத்தில் இருந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? வெள்ளிக்கிழமைங்கறதுக்காக மட்டும்தான் வெளிய வச்சீங்களா?"

"வேற எதுக்குன்னு நினைச்சே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவள் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் இப்போது திருச்சியில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இந்த ஆறு வருஷத்தில் அவள் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்டதில்லை.

இங்கே சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியாது. அங்கே வெறுங்கையால் கதவுப் பிடியைத் தொட முடியாது. இரண்டும் ஊர்தான், இரண்டிலும் ஜனங்கள் இருக்கிறார்கள். பனிமலை எப்படி என்று கேட்டவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். பார்க்கலாம், போய் வரலாம். இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். கேட்டவளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

நான் பூட்ஸை வெளியே வைத்தது வெள்ளிக்கிழமைக்காகத்தான். அது சத்தியம். உறைந்துபோகும் என்று எனக்குத் தெரியாது, அதுவும் சத்தியம். ஆனால் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது, காலையில் இது சொதசொதவென்று இருந்தால் இவள் போகமாட்டாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனே கதவைத் திறந்து எடுத்து, வேறு மூலையில் வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. விளக்கேற்றப் போனேன். அவள் கேட்டதில் தப்பில்லை.

வள்ளி, இங்கே வா. வீட்டுப் பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதை முதல் தாளிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. ஒரு சொல்லையும் மாற்றாதே. மாடிக்கு வேண்டாம், இங்கேயே கூடத்தில் உட்கார். அம்மா அடுக்களையில் இருக்கிறாள். கடைசித் தாள் வரும்போது கொஞ்சம் சத்தமாகப் படி.